கோடி போகும் தண்ணீர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருக்கோவிலூருக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் உள்ள ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். அப்பா விவசாயி. 2019இல் கேம்பஸ் இண்டர்வியூவில் தேர்வாகி பெங்களூருக்கு வந்தேன். கொரோனா சமயத்தில் ஒன்றரை வருடம் ஊரிலிருந்தே வேலை பார்த்தேன். 2022இல் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில், மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை.

தங்கை கல்யாணக் கடனை அடைத்த பிறகுதான் எனக்கென்று செலவு செய்ய ஆரம்பித்தேன். நந்தி மலைக்கு மூன்று முறை போனேன். ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, குடகு, ஹம்பி, கோகர்ணா எல்லாம் பார்த்தாயிற்று. கூகுள் மேப்பில் 41 இடங்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். தவணையில் ஒரு கேமரா வாங்கினேன். கிடார் வாங்கி ஐந்து வகுப்பு போனேன். சைக்கிள் பிஜி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, டயரில் காற்று இல்லை.

ஞாயிறு இரவு திரும்பி வந்து பையை இறக்கி வைக்கும்போது மனசில் ஒன்றுமே இருப்பதில்லை. அம்மா போனில் கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் பக்கம் வெள்ளம் வந்தது. அன்று நான் இங்கே ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, மேசைக்கடியில் போனை வைத்து ஊர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதிலிருந்து இந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்று தோன்றுகிறது. ஊருக்கே போய்விடலாமா? இல்லை, தப்பான பொழுதுபோக்குகளாகப் பார்த்துப் பிடிக்கிறேனா?

அன்புடன்,
க.

—

அன்புள்ள க.,

‘மூன்று பேர் தங்கும் அறை’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒரு மழை ராத்திரியில் இடைகழிக்குள் ஒண்டிக்கொண்டது உங்கள் திருக்கோவிலூரில்தானே. அங்கே நான்காவதாக வந்து நெருக்கியது பெருமாள். உங்கள் பிஜியில் நான்காவது கட்டில்தான் வரும். அதற்குள் வேறு அறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்விடலாமா என்பதை நான் சொல்ல முடியாது. உங்கள் நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எப்படி, அப்பாவுக்கு என்ன வயது என்று எதுவும் எனக்குத் தெரியாது. வெள்ளத்து வீடியோவைப் பார்த்த மனநிலையில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

கிடாரைக் கொடுத்துவிடுங்கள். நானும் 1999இல் பெங்களூருக்கு வந்தவன்தான். வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்த பழைய நிரல்களைத் தேடித் திருத்தும் ஒய்2கே வேலை. அல்சூரில் ஒரு மாடி அறை. முதல் போனஸில் வயலின் வாங்கினேன். நான் வாசித்தால் கீழ்வீட்டு நாய் மேலே ஏறி வந்து நிற்கும். ஒரு வருடம் கழித்து வீட்டுக்காரர் மகளுக்குக் கொடுத்தேன். அந்தப் பெண் இன்று குழந்தைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறார். நான் செய்த உருப்படியான இசைத் தொண்டு அது ஒன்றுதான். வாங்கியதைப் பாதியில் விட்டுவிட்டோமே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். விருப்பம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கட்டிய பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் டெஸ்டர். ஒரு டெஸ்ட் கேஸில் எதிர்பார்த்த விடையை முதலிலேயே எழுதி வைப்பீர்கள். ஓட்டிப் பார்ப்பீர்கள், வந்த விடையும் அதுவாகவே இருந்தால் ‘பாஸ்’ போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவீர்கள். நந்தி மலையில் அதிகாலை மேகத்துக்கு மேல் சூரியன் வரும் என்பதைப் போகும் முன்பே நூறு படங்களில் பார்த்தாயிற்று. வந்தது. பாஸ். இப்படி 41 பாஸ். சாயங்காலம் வீட்டுக்குப் போய், பாஸ் ஆன டெஸ்ட் கேஸைப் பற்றி அம்மாவிடம் கதை சொல்லும் டெஸ்டரை நான் பார்த்ததில்லை. ஃபெயில் ஆனதைப் பற்றித்தான் சொல்வார். எங்கே உடைந்தது, யார் கை வைத்த இடம், ஏன் யாருக்கும் இத்தனை நாள் தெரியவில்லை என்று பின்னாலேயே போவதில்தான் அந்த வேலையின் ருசி.

அப்படிப் பின்னால் போக உங்களிடம் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று முறை அதன் தலைமாட்டில் நின்று படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெண்ணையாறு நந்தி மலைப் பக்கத்திலிருந்துதான் புறப்படுகிறது. சென்னகேசவ பெட்டா என்ற குன்று. கன்னடத்தில் அந்த ஆற்றுக்கு தட்சிண பினாகினி என்று பெயர். வட பெண்ணையும் பாலாறும் அர்க்காவதியும்கூட அந்த மலைக்கூட்டத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கின்றன. சூரியன் கிழக்கே வருகிறது என்று நீங்கள் கேமராவைத் திருப்பி வைத்தீர்களே, அந்தப் பக்கத்துப் பள்ளங்களில்தான் அது ஓடையாகச் சேர்கிறது. ஓடை என்றால் பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான், ஏமாற வேண்டாம்.

பெங்களூரு ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவதில் பெரும் பங்கு ஏரி ஏரியாக இறங்கி, பெள்ளந்தூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்குப் போய், கோடி வழியாக வெளியேறிப் பெண்ணையில் சேரும். மழை மட்டுமா? நகரத்தின் குடிநீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றப்படும் காவிரி நீர். கிழக்குப் பகுதிக்காரர்கள் காவிரியில் குளித்துவிட்டுப் பெண்ணையில் விடுகிறார்கள். இரண்டு மாநிலமும் இத்தனை வருடம் சண்டை போட்ட தண்ணீரில் கொஞ்சம், சோப்பு கலந்து, யாரும் கேட்காமலேயே வேறு ஆறு வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. உங்கள் பிஜிக்கு டேங்கர் தண்ணீர்தான் வரும் என்று நினைக்கிறேன். அதுவும் வடிவது கிழக்கேதான். காலையில் நீங்கள் ஊற்றிக்கொண்ட தண்ணீர் உங்களைவிட அடிக்கடி ஊர்ப் பக்கம் கிளம்புகிறது.

மாரத்தஹள்ளியிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் ‘வர்த்தூர் கோடி’ என்று ஒரு நாற்சந்தி. ஆபீஸ் கேபில் பலமுறை கடந்திருப்பீர்கள். பெயரைக் கவனித்தீர்களா? உங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் ‘ஏரி கோடி போவுது’ என்பார்கள். அதே கோடிதான் இது. ஏரியின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய். அந்த வாயில்தான் 2015 வாக்கில் நுரை மலைபோல எழும்பி, காற்றில் பறந்து, பைக்கில் போகிறவர்கள் முகத்தில் அப்பியது. துணி சோப்பிலும் பாத்திர சோப்பிலும் உள்ள ரசாயனம் சாக்கடையோடு ஏரியில் தேங்கிக் கிடக்கும். தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது மத்தால் கடைந்த மாதிரி நுரைத்துக்கொள்ளும். மேலேயுள்ள பெள்ளந்தூர் ஏரி 2015இலும், 2017, 2018இலும் தீப்பிடித்துப் புகைந்தது. இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். தண்ணீர் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று கேட்டவர்கள்தான் குறைவு. ஓசூர் பக்கத்து கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது நுரை எழும்புவதாக விவசாயிகள் வருடாவருடம் புகார் சொல்கிறார்கள். அதன் முகவரி இங்கேதான்.

நான் இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. அப்போது எனக்குப் பொழுது போக வழி, பஸ் பலகைகளை வைத்துக் கன்னட எழுத்துப் படிப்பது. யார் துணையும் இல்லாமல் நானே கூட்டிப் படித்த முதல் சொல் ‘கெரே’, ஏரி. அப்புறம் ஒரு சாவி கிடைத்தது. நம் பகரம் பல இடங்களில் அங்கே ஹகரம். பால் ஹாலு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் மாரத்தஹள்ளியின் ஹள்ளியும் ஒரே சொல் என்று தெரிந்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு ‘ராஜகாலுவே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடும் பெரிய கால்வாய். ஞாயிறுதோறும் ஒரு கால்வாயை எடுத்துக்கொண்டு அது போகிற வழியே போவேன். பாதியில் யாராவது அதன் மேல் அபார்ட்மெண்ட் கட்டியிருப்பார்கள். சுற்றிப் போய் மறுபடி பிடிக்க வேண்டும். ஒருமுறை வேலி இடுக்கில் தலையை நீட்டி, ஒரு சிப்பாய் இந்தியில் விரட்ட ஓடி வந்திருக்கிறேன். துர்நாற்றம் வேறு. உடன் வந்த நண்பர் இரண்டாவது ஞாயிறோடு நின்றுவிட்டார். ஆனால் திங்கட்கிழமை ஆபீஸில் சொல்ல எப்போதும் ஏதாவது இருந்தது.

உங்கள் ஆபீஸ் வைட்ஃபீல்டு பக்கம் என்றால் இன்னொன்று. ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடம் பட்டந்தூர் அக்ரஹாரம். கொஞ்சம் தள்ளி காடுகோடி. அங்கேயுள்ள காசி விசுவநாதர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்து, 1043ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பட்டந்தூரில் ஏரி வெட்டி, மதகு வைத்து, பிள்ளையாரும் துர்க்கையும் க்ஷேத்திரபாலரும் பிரதிஷ்டை செய்த செய்தி. ‘அப்பவே நம்ம ஆளுங்க இருந்தாங்க’ என்று காலரைத் தூக்கிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்கு ஒவ்வாது, இதே நகரத்தில் பேகூரில் அதைவிடப் பழைய, பெங்களூரு என்ற பெயரோடுள்ள கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. நான் பார்த்தது வேறு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மேட்டில் இருந்த ஒருவன் முதலில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வழியாக வெளியேறும் என்று பார்த்திருக்கிறான்.

சரி, வெள்ளம். அன்று மேசைக்கடியில் நீங்கள் பார்த்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெங்களூருக்கு அதில் பங்கு சொற்பம். ஊருக்கு பஸ்ஸில் போகிறபோது கிருஷ்ணகிரியை விட்டதும் ஊத்தங்கரை வருமே, பாதித் தூக்கத்தில் கடந்திருப்பீர்கள். அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சேர்ந்து சாத்தனூர் அணை தாங்காமல், நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே மூன்று மாதத்துக்கு முன் திறந்த புதுப் பாலமே அடித்துக்கொண்டு போனது. நீங்கள் மாதாமாதம் போகிற சாலையும் அந்த வெள்ளமும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வந்திருக்கின்றன.

அதனால் 42ஆவது நட்சத்திரத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சைக்கிளுக்குக் காற்று அடியுங்கள். முதல் சனிக்கிழமை விடிகாலையில் வர்த்தூர் கோடி வரைக்கும் போதும். லாரி எழுந்திருக்கும் முன் திரும்பிவிட வேண்டும், அந்தச் சாலை சைக்கிளுக்கு இரக்கம் காட்டாது. அடுத்து நந்திப் பக்கம். மலைமேல் ஏறாமல் அடிவாரத்து போக நந்தீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்களிடம் ஆற்றை விசாரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த அரைக் கன்னடம் போதும். பிறகு ஹொசகோட்டே, முகளூர், கெலவரப்பள்ளி. ஓசூரைத் தாண்டியதும் பேரண்டப்பள்ளியில் நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கிறது, ஒருமுறை பஸ்ஸில் விழித்திருங்கள். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டு பெண்ணேஸ்வரர் இருக்கிறார். சாத்தனூர். கடைசியாக உங்கள் ஊர், கபிலர் குன்று. பாரி மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்த இடம் என்று அந்தப் பாறையைச் சொல்வார்கள். சின்ன வயசில் அதன் மேல் ஏறி ஆற்றில் குதித்திருப்பீர்கள். கடலூர் வரை போவதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வருடம் ஆகும், அவசரம் இல்லை. பாதியில் விட்டாலும் பரவாயில்லை.

கேமராவை விற்க வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரை மட்டும் ஒரு படம் எடுங்கள். எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பி, இது எந்த இடத்துப் பெண்ணை என்று கேளுங்கள். கெலவரப்பள்ளி நுரையைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. இப்போது உங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா?

அன்புடன்.