ஷிப்ட், டிபன் பாக்ஸ், தூக்கம்: வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களின் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, இராயக்கோட்டை பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் அக்கா.

அக்கா, கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு பைக்ல போறேங்க. வாரம் ஒரு ஷிப்ட். சி ஷிப்ட் (ராத்திரி 10 – காலை 6) வந்துட்டா வீடே தலைகீழ். நாலு வயசுப் பொண்ணு பகல்ல தூங்க விடமாட்டா. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்.

சி ஷிப்ட் வாரத்தில் பகலில் ஒரே மூச்சாக ஏழு மணி நேரம் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள், வராது. பகல் பன்னிரண்டு, ஒன்றுக்கெல்லாம் உடம்பே எழுப்பிவிடும். பழி மட்டும் மகள் மேல் விழும். தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். காலை 8 முதல் 12.30 வரை ஒன்று, மாலை 6 முதல் 7.30 வரை இன்னொன்று. நடுவில் இருக்கும் ஐந்தரை மணி நேரம் மகளுக்கும் வீட்டுக்கும். முதல் நைட்டுக்குப் போகும் அன்று மதியமே ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அந்த வாரம் முழுக்க இழுக்கும்.

டீ விஷயத்தில் கறாராக இருங்கள். கடைசி டீ ராத்திரி 2 மணிக்கு. குடித்த டீயில் இருக்கும் காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். காலை 5 மணிக்கு கேன்டீனில் குடிக்கும் டீதான் 8 மணித் தூக்கத்தைக் கெடுப்பது. சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே வயிறார முடித்துவிடுங்கள். 3 மணிக்குப் பசித்தால் வாழைப்பழம், சுண்டல், இரண்டு இட்லி போதும். அந்த நேரத்தில் பிரியாணி இறங்கினால் நெஞ்செரிச்சலோடுதான் வீடு திரும்புவீர்கள்.

மகளுக்கு "அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதே" என்று சொல்லிப் பயனில்லை. நாலு வயதுக்கு மணிக்கணக்கு தெரியாது. கண்ணில் படுகிற அடையாளம் வேண்டும். படுக்கும்போது கதவுக் கொக்கியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுங்கள். துண்டு தொங்கினால் அப்பா தூக்கம். 12.30க்கு அதை எடுத்து அப்பாவை எழுப்புவது மகளுடைய வேலை, வேறு யாரும் எடுக்கக் கூடாது. மூன்று நாளில் துண்டுக்குக் காவலே இருப்பாள். ஜன்னலுக்குத் திரைக்குப் பதில் பழைய கறுப்புப் போர்வையை ஆணியில் மாட்டுங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள். அந்த ஒரே சீரான சத்தம் தெருச்சத்தத்தை அமுக்கிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காலை ஆறு மணிப் பயணம். சூளகிரி தாண்டும் நேரத்தில்தான் கண் சொக்கும். விடியும் முன்னும் பின்னும் உடம்பு அடியோடு சோர்ந்திருக்கும் நேரம் அது. கம்பெனி பஸ் இருந்தால் பைக்கை மறந்துவிடுங்கள். இல்லையென்றால் ஷிப்ட் முடிந்ததும் 20 நிமிடம் அலாரம் வைத்து ஓய்வறையில் தூங்கி, எழுந்து முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்த பிறகு வண்டியை எடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடும், எழுந்ததும் மந்தம் அதிகமாகும்.

இன்னொன்று. ஷிப்ட் ஏ (காலை), பி (மதியம்), சி (ராத்திரி) என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு தாங்கும். சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுற்றினால் சிரமம். உங்கள் லைனில் பின்னோக்கி இருந்தால் இன்சார்ஜிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். கம்பெனிக்குச் செலவில்லாத மாற்றம் இது.

மேடம், நானும் வீட்டுக்காரரும் ஓசூர்ல வேலைக்குப் போறோம். காலை 5.30ல இருந்து 8 வரைக்கும் ஓட்டம்தான். ஞாயித்துக்கிழமையே செஞ்சு வைக்கிற மாதிரி சொல்லுங்க. மார்கழில மாவு வேற பொங்கவே மாட்டேங்குது.

மாவிலிருந்து தொடங்குவோம். ஓசூர்க் குளிரில் எட்டு மணி நேரத்தில் மாவு புளிக்காது, பன்னிரண்டிலிருந்து பதினாலு மணி நேரம் ஆகும். ராத்திரி 9க்கு அரைத்துவிட்டுக் காலை 6க்குத் திறந்தால் கல்லாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலை 4 மணிக்கு அரைத்துவிடுங்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். கையால் கரைத்து, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு கொதிநீர் வைத்து மூடுங்கள். பொங்கியதும் நேராக ஃப்ரிட்ஜ். வியாழன் வரை வரும். வியாழன் மாவு தோசைக்கு மட்டும்.

டிபன் பாக்ஸுக்குப் புளிக்காய்ச்சல் இருந்தால் பாதிப் பாரம் குறையும். கொட்டை, நார் எடுத்த புளி 100 கிராம், வெந்நீர் 400 மில்லி. ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். நல்லெண்ணெய் 8 மேஜைக்கரண்டி; இதில் கஞ்சத்தனம் கூடாது, எண்ணெய்தான் அதைக் கெடாமல் வைப்பது. கடுகு, கடலைப்பருப்பு, பத்து மிளகாய், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்து 20 முதல் 25 நிமிடம். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வறுத்துப் பொடித்த தனியா 2 மேஜைக்கரண்டி, எள் 1 மேஜைக்கரண்டி, வெந்தயம் 1 டீஸ்பூனைக் கடைசியில் சேருங்கள். ஈரக்கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். நிலக்கடலையை இதில் போட்டு வைக்காதீர்கள், நமுத்துப்போகும். கலக்கும்போது போடுங்கள்.

சோற்றைத் தட்டில் பரப்பி, ஆறின பிறகு கலந்து மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டி மதியத்துக்குள் வாடை வந்துவிடும். பிள்ளை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான், ருசி இல்லை.

அக்கா, தருமபுரியில ஆபீஸ் முடிஞ்சு 6.30க்கு வந்தா, அதுவரைக்கும் பாட்டிகிட்ட சமத்தா இருந்த பையன் என்னைப் பாத்ததும் அழுது ஆர்ப்பாட்டம். கத்திடறேன், அப்புறம் ராத்திரியெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது.

அது அடமில்லை. பகல் முழுக்க அடக்கி வைத்ததை, திட்டினாலும் விட்டுப் போகமாட்டாள் என்று நம்புகிற ஆளிடம் கொட்டுகிறான்.

வந்ததும் முதல் 15 நிமிடம். போனை வாசல் அலமாரியில் வையுங்கள், கையில் வேண்டாம். முகம் கை கால் கழுவி, தரையில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுக்கு நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை. "ஹோம்வொர்க் முடிச்சியா, சாப்பிட்டியா, ஏன் சட்டை இப்படி அழுக்கு" எதுவும் கேட்காதீர்கள். அவன் காட்டுவதைப் பாருங்கள், மடியில் ஏறினால் ஏறட்டும். குக்கர் பதினைந்து நிமிடம் கழித்து ஏறினால் போதும். நேராக அடுப்படிக்குப் போனால் சமையல் முடியும்வரை முந்தானையைப் பிடித்து இழுப்பான், அதற்கு முக்கால் மணி நேரம் போகும்.

கத்திவிட்டால், படுக்கும் முன் ஒரு வரி சொல்லுங்கள்: "அம்மா கத்தினது தப்பு, களைப்புல கத்திட்டேன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்தான்..." என்று நீட்டினால் மன்னிப்பு மறுபடி திட்டாகிவிடும். குற்ற உணர்ச்சியில் மறுநாள் பொம்மையும் கிண்டர்ஜாயும் வாங்கிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் நல்லவர்தாங்க, சொன்னா எல்லாம் செய்வார். ஆனா சொல்லிச் சொல்லியே களைச்சுப் போறேன்.

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. பாத்திரம் கழுவுவதை விட, பால் தீர்ந்தது, வேன் ஃபீஸ் அஞ்சாம் தேதி, தடுப்பூசி புதன்கிழமை என்று நினைவில் சுமப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது. "சொல்லு, செய்யறேன்" என்பவர் கையை மட்டும் தருகிறார். தலை இன்னும் உங்களுடையதுதான் ஓடுகிறது.

வேலையை வேர், தண்டு, கிளையோடு கொடுங்கள். உதாரணம் பள்ளி யூனிஃபார்ம். "இதைத் துவைத்துப் போடுங்க" இல்லை. எத்தனை செட் இருக்கிறது, எந்த நாள் எந்தச் சட்டை, பட்டன் போயிருக்கிறதா, ஷூ பாலிஷ் தீர்ந்ததா, அளவு சின்னதாகிவிட்டதா, எல்லாமே அவர் பொறுப்பு. இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து வீட்டு வேலைகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்தான், இரண்டு பெயர் போட்டால் அது மறுபடி உங்கள் தலையில் விழும். தேதி உள்ளவற்றைச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். கிழிக்கிறவர் கண்ணில் படும், போன் நினைவூட்டல் மாதிரி ஒருவர் கைக்குள்ளேயே தங்காது.

இது எங்கே கெடுகிறது என்றால், முதல் வாரம் பையன் புதன்கிழமை தப்பான சட்டையில் போவான். அப்போது நீங்கள் ஓடிப்போய் அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. மூன்று வாரம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் மடிக்கிற விதம் உங்கள் விதம் இல்லாமல் போகட்டும். சட்டை சுத்தமாக இருந்தால் சரி. மருந்து, பரீட்சைத் தேதி போன்ற தவறவிடக் கூடாதவற்றை முதலில் கொடுக்காதீர்கள்.

நாங்க இராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டுக்கு விடியகாலம் 3.30க்கே கிளம்பிடுவோம். மூணாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைங்க தானா எழுந்து போகுதுங்க. வெறும் வயிறா போகுதுங்களோன்னு பயம்.

சின்னது அரசுப் பள்ளி என்றால் கவலை பாதி குறைவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே சூடான டிபன் உண்டு, பள்ளி தொடங்குவதற்கு முன் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். பெரியவனுக்கு ராத்திரிக் களியில் ஒரு உருண்டையைத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் கூழ். அடுப்பே வேண்டாம். நீங்கள் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் 6.30க்கு ஒரு குரல் கொடுக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், ஆகவே டிவி 8.30க்கு அணைய வேண்டும். உங்களுக்கும் அதே நேரம்தான் படுக்கை.

பர்கூர் பக்கம் கம்பெனியில வேலை, மகப்பேறு லீவு முடியுது. பாப்பாவுக்கு ஆறு மாசம். தாய்ப்பாலை நிறுத்தித்தான் ஆகணுமா?

வேண்டாம். சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஓய்வு நேரம் போக இரண்டு முறை பாலூட்ட இடைவேளையும் உண்டு. ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

காப்பகம் இல்லாதவர்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுங்கள். விட்டுவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். எடுத்த பால் 25 டிகிரி அறையில் நாலு மணி நேரம் நிற்கும். சித்திரை வெயிலில் அதை நம்பாதீர்கள், ஐஸ்பேக் போட்ட பெட்டிதான். ஃப்ரிட்ஜில் நாலு நாள். சூடேற்ற அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாப்பா குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள். லீவு முடிய இரண்டு வாரம் முன்பே பாலாடையில் கொடுத்துப் பழக்குங்கள். கொடுப்பது பாட்டியாக இருக்கட்டும், அம்மா வாசனை பக்கத்தில் இருந்தால் பாலாடையைத் தள்ளிவிடும்.

குழந்தைய மாமியார்தான் பாத்துக்கறாங்க, ஆனா நாள் முழுக்க அது கையில செல்போன். எதுவும் சொல்ல முடியல.

அறுபத்தைந்து வயதில் இரண்டு வயதுக் குழந்தையைத் துரத்த முடியாமல்தான் போன் வருகிறது. "குடுக்காதீங்க அத்தை" என்றால் சண்டை. அவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கால் நீட்ட வழி செய்யுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணோ அங்கன்வாடியோ. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் இல்லை என்று ஒரே ஒரு விதி. அதை உங்கள் வீட்டுக்காரர் அவருடைய அம்மாவிடம் சொல்லட்டும்.

ரெண்டு மாசமா காலையில எழவே பிடிக்கல. காரணமில்லாம அழுகை வருது. இதுவும் வேலைக் களைப்புதானா?

களைப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் முதலில் ரத்தம் பாருங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மூச்சு வாங்குவதும் எரிச்சலும் அதிலேயே வரும். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபிக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், கூட எலுமிச்சை ஜூஸ் குடியுங்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதை டீயோடுதான் விழுங்குகிறார்கள்.

ரிப்போர்ட் சரியாக இருந்தும் சோர்வு, அழுகை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் அழையுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.