சிரித்தாயிற்று, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவை நினைவுக் கட்டுரைகளை வாசகர் வட்டத்தில் எப்படிப் பேசுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

மதுரை வாசகி: எங்கள் வட்டத்தில் 9 பேர். போன மாதம் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பரின் ‘தி நைட் தி பெட் ஃபெல்’ (கட்டில் விழுந்த இரவு) படித்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ‘நல்லா இருந்தது’ என்பதற்கு மேல் யாருக்கும் பேச்சு வரவில்லை. கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது.

ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டுவார்கள். அடுத்த முறை ஒருவர் உரக்கப் படிக்கட்டும், பத்துப் பன்னிரண்டு நிமிட வேலைதான். மற்றவர்கள் சிரிப்பு வந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கட்டும். பிறகு கோடுகளை ஒப்பிடுங்கள். ஏழெட்டுப் பேர் ஒரே வரியில் கோடு போட்டிருந்தால் பேச்சை அங்கே தொடங்கலாம். ஒருவர் மட்டும் போட்ட கோடு இன்னும் சுவாரசியம், அதை விடாதீர்கள்.

1933-இல் வந்த இந்தக் கட்டுரைக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒஹையோ மாநிலக் கொலம்பஸ் நகரில் ஒரு வீடு. அப்பா அன்றிரவு மச்சில் போய்ப் படுக்கிறார். அங்கே கிடக்கும் பழைய கட்டில் ஆட்டம் காணும், தலைமாட்டுப் பலகை விழுந்து ஆளைக் கொன்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். நள்ளிரவு தாண்டிக் கவிழ்வதோ கீழே கதைசொல்லி படுத்திருந்த மடக்குக் கட்டில்! ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி வரையுங்கள்: ஆள், கேட்டது, நினைத்தது. அம்மாவுக்குக் கேட்டது தடால் சத்தம். கணவர் போய்விட்டார் என்று நினைக்கிறார். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து தலைமாட்டில் மயக்கம் தெளிவிக்கும் கற்பூரத் திரவம் வைத்துக்கொண்டு படுக்கும் உறவுக்காரப் பையனுக்குக் கேட்டது கூச்சல். தனக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று நினைத்து அதைத் தன் மேலேயே கொட்டிக்கொள்கிறான். அப்பாவுக்குக் கேட்டது மச்சுக் கதவை யாரோ இடிக்கும் சத்தம். வீடு தீப்பற்றிவிட்டது என்று முடிவு கட்டுகிறார். தாள் நிரம்பியதும் ஒன்று தெரியும்: அந்த வீட்டில் யாருமே முட்டாள் இல்லை. அவரவர் பயத்துக்கு அவரவர் நடந்துகொண்டது சரிதான். முழு விவரமும் தெரிந்த ஒரே ஆள் வாசகர்.

கடைசியாக ஒரு கேள்வி. திருடனுக்குப் பயப்படும் அத்தைகள் முதல் பாதியில் வருகிறார்களே, அன்றிரவு அவர்களுக்கு வேலையே இல்லை. அவர்களை வெட்டிவிடலாமா? அரை மணி நேரம் சண்டை நடக்கும். எங்கள் கட்சி: வெட்டக் கூடாது. அவர்கள் இருப்பதால்தான் அந்தக் குடும்பத்தில் பயம் என்பது பரம்பரைச் சொத்து என்று நம்புகிறோம். இல்லாவிட்டால் இரவுக் கலாட்டா செயற்கையாகிவிடும்.

திருச்சி வாசகர்: பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் ஒருவர் ‘எங்க சித்தப்பா கூட இப்படித்தான்’ என்பார். அவ்வளவுதான், புத்தகம் மூடிக்கொள்ளும்.

குடும்பக் கட்டுரை என்றால் இந்த வியாதி வரத்தான் செய்யும். தடுத்தால் முகம் வாடும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் கடைசி 20 நிமிடத்தைச் சித்தப்பாக்களுக்கு ஒதுக்கி, அதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். நடுவில் யாராவது ஆரம்பித்தால், ‘கட்டுரையில் எந்த வரி அவரை ஞாபகப்படுத்தியது?’ என்று மட்டும் கேளுங்கள். பேச்சு தானாகப் புத்தகத்துக்குத் திரும்பிவிடும்.

கோவை வாசகி: ஜெரால்ட் டரெல் தன் சிறுவயதுக் குடும்ப வாழ்க்கையைச் சொல்லும் ‘மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்’ எடுத்தோம். அண்ணன் லாரியின் மனைவியையே அவர் மறைத்துவிட்டார் என்று ஓர் உறுப்பினர் கண்டுபிடித்துச் சொல்ல, ‘அப்படியானால் பொய்தானே’ என்று கூட்டம் இரண்டுபட்டது.

அவர் சொன்னது உண்மை. டரெல் குடும்பம் 1935 முதல் 1939 வரை கிரேக்கத் தீவான கார்ஃபூவில் இருந்தது. அண்ணன் லாரன்ஸ் (அவர்தான் லாரி) அப்போதே மணமானவர். மனைவி நான்சியோடு பெரும்பகுதி தனி வீட்டில் இருந்தார். 1956-இல் வந்த புத்தகத்திலோ அவர் கட்டை பிரம்மச்சாரி, எல்லோரோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறார். பொய்யா மெய்யா என்று வாக்கெடுப்பு நடத்தினால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ‘நான்சி அந்த வீட்டில் இருந்திருந்தால் எந்தக் காட்சி படுத்திருக்கும்?’ என்று கேளுங்கள். சாப்பாட்டு மேஜையில் லாரி விடும் சவடாலுக்குப் பதில் சொல்ல மனைவி பக்கத்தில் இருந்திருந்தால், அம்மாவுக்கு அங்கே வேலை குறைந்திருக்கும். அதே சமயம், சிரிப்புக்காக ஒரு மனுஷியை அடியோடு அழித்தது நியாயமா என்ற கேள்வியையும் அமுக்கிவிடாதீர்கள்.

சேலம் வாசகர்: ஆங்கிலக் கட்டுரையை நாங்களே தமிழாக்கிப் படிக்கிறோம். சிரிப்பே வரவில்லை.

ஆங்கிலத்தில் வெடிக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைத்துவிடலாம். தமிழில் அந்த இடத்தைப் பெரும்பாலும் வினைச்சொல் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு நீள வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும். ‘பெரியப்பா பார்த்துச் சாப்பிடும் கடிகாரத்தைப் பெரியம்மா அவர் சாப்பிடுவதைப் பார்த்துத் திருத்துவார்’ என்றால் கணக்குப் பாடம். ‘பெரியப்பா மணி பார்த்துத்தான் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பெரியம்மா கடிகாரத்தைத் திருத்துவார்’ என்று பாருங்கள். முற்றுப்புள்ளியில் ஒரு மூச்சு விட வேண்டும், அந்த இடைவெளியில்தான் சிரிப்பு தயாராகிறது.

நாகர்கோவில் வாசகி: படித்த கையோடு உறுப்பினர்களும் ஒரு பக்கம் எழுதினோம். ஒருவர் மாமியாரைப் பற்றி எழுதியது மாமியார் காதுக்கே போய்விட்டது.

இனி இரண்டு விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப் குழுவுக்கு நிச்சயமாகப் போகக் கூடாது. இரண்டாவது, பக்கத்தில் ஒரு இடத்திலாவது எழுதியவர் தானே அசடு வழிய வேண்டும். மாமியார் மட்டும் அசடு வழிந்தால் அது புகார் மனு.

தஞ்சை வாசகர்: டீ, முறுக்கு எப்போது கொடுப்பது?

டீ முதலிலேயே கொடுக்கலாம். முறுக்கு வாசிப்பு முடிந்த பிறகு. படிப்பவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர்கள் கடகடவென்று கடித்தால் தர்பரே வந்து படித்தாலும் எடுபடாது. இடையில் ஏதாவது வேண்டுமென்றால் கேசரி கொடுங்கள், சத்தம் வராது.