தாத்தா வீட்டு உத்தரத்தில் சாப்பாட்டு மேசை செய்யலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டை இடிக்கப் போகிறோம். தேக்கு உத்தரங்களும் நிலைக்கதவுகளும் இருக்கின்றன. சென்னை வீட்டுக்கு ஆறு பேர் உட்காரும் மேசை செய்துகொள்ள ஆசை. பழைய மரம் வெடித்துவிடும் என்கிறார் ஆசாரி. இடிப்பவரோ, மரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குப் புதுத் தேக்கு மேசை தருகிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் மேசைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 8-க்கு 6 அங்குலம், 12 அடி நீளம் உள்ள ஓர் உத்தரம் 4 கன அடி. ஐந்தடிக்கு மூன்றடி மேசைக்குப் பலகை, கால், சட்டம் எல்லாம் சேர்த்து இரண்டரை கன அடிக்குள் அடங்கிவிடும். அறுவைச் சேதம், ஆணி ஓட்டை, உளுத்த பகுதி இவற்றுக்கு ஒன்றரை கன அடி ஒதுக்கினாலும் ஓர் உத்தரம் போதும். அந்த ஒன்றுக்கு ஈடான மேசையைக் கொடுத்துவிட்டு வீட்டு மரம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் இடிப்பவருடைய கணக்கு.

அவர் தரும் புது மேசையும் பெரும்பாலும் சீக்கிரம் வெட்டிய தோட்டத்துத் தேக்காகத்தான் இருக்கும். வைரம் (நடுவிலுள்ள கெட்டியான பகுதி) குறைவு, வெளிறு (அதைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி) அதிகம். சாயம் பூசிவிட்டால் உங்களுக்குத் தெரியாது, வண்டுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளுக்கு அன்று பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது. 2014-இல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் அந்த மரத்தையா கைமாற்றிக் கொடுப்பீர்கள்?

வெடிக்கும் என்ற பயத்துக்கு வருகிறேன். காய்ந்த மரமும் ஈரத்தை வாங்கும், விடும். உத்தரத்தைப் பிளந்தால் உள்ளே இருந்த இறுக்கம் கொஞ்சம் விலகும். அதனால் அறுத்த பலகைகளை உடனே ஒட்டச் சொல்லாதீர்கள். இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து நிழலில் மூன்று நான்கு வாரம் அடுக்கி வையுங்கள். மேல்பலகையைச் சட்டத்தோடு கோந்து போட்டு இறுக்காமல், சற்று நகர இடம்விட்டு நீளத் துளையில் திருகாணி போடச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தால் தேக்கு உங்களைக் கைவிடாது. ஆசாரி தயங்குவதற்கு உண்மையான காரணம் அநேகமாக மரத்துக்குள் இருக்கும் ஆணிதான். ஓர் ஆணி பட்டால் மெஷின் பிளேடு போச்சு. காந்தத்தை வைத்துத் தேடி, ஆணிகளை நீங்களே பிடுங்கிக் கொடுங்கள். பிளேடு செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், தயக்கம் பாதி போய்விடும்.

அறுவை மில்லுக்கு மரத்தோடு கூடவே போங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. "விட்டுட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க" என்ற இடத்தில் மரம் மாறிப்போகும். ஒவ்வொரு கட்டையின் இரு முனையிலும் பெயின்ட்டால் அடையாளம் போட்டு, அளவெடுத்து, போட்டோ எடுத்து வையுங்கள். அறுத்த பலகைகளை அங்கேயே எண்ணி ஏற்றுங்கள்.

நிலைக்கதவு விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். பெயின்ட் அடித்த பழைய கதவைச் சாப்பாட்டு மேசைக்குப் பயன்படுத்தாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எதிலும் ஈயம் இருக்கலாம். அடுக்கடுக்காகப் பூசிய கதவில் அடியிலுள்ள பூச்சு என்னவென்று யாருக்கும் தெரியாது. அதை உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்கும், தீ காட்டினால் புகையாக வரும். சிறு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது. கதவை அப்படியே கதவாக வைக்க வேண்டுமென்றால், குழந்தைகள் இல்லாத திறந்தவெளியில், ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதை உறையில் கட்டி அகற்றுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டு கட்டிக்கொள்வது போதாது. உத்தரத்தில் எண்ணெய் மட்டும் பூசியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது சென்னைக்குக் கொண்டுவருவது. தேக்கு மரத்தை ஏற்றிச்செல்ல வனத்துறை அனுமதி விதிகள் உண்டு. உங்கள் மரத்துக்கு என்ன சீட்டு வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், "நான் பார்த்துக்கிறேன்" என்னும் லாரிக்காரரை நம்பாதீர்கள். வீட்டில் உத்தரம் இருந்த இடத்திலேயே எடுத்த படம், வீட்டுவரி ரசீது, இடிப்பு அனுமதி மூன்றையும் கையில் வைத்திருங்கள். தாத்தா காலத்து மரத்துக்குச் சொந்தக்காரனே சாட்சி தேடி அலைய வேண்டியிருப்பது எரிச்சலான விஷயம்தான். புதுச் சிமென்ட் மூட்டையை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. இருந்ததை மறுபடி பயன்படுத்துகிறவனிடம்தான் இத்தனை கேள்வி. மேசையாகச் செய்து முடித்த பிறகு கொண்டுவருவது எளிதாக இருக்கும் என்றால் ஊரிலேயே செய்துவிடுங்கள், அங்கே நல்ல ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை.

இடிப்பவரிடம் இன்னும் முன்பணம் வாங்கவில்லை என்றால் நல்லது; வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கூலி தனி, மரம் தனி என்று புது ஒப்பந்தம் எழுதுங்கள். ஓடு, ரீப்பர், கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்), உத்தரம் என்று மேலிருந்து ஆள் வைத்துக் கழற்ற வேண்டும், மரம் இறங்கும்வரை ஜேசிபி வீட்டு வளாகத்துக்குள் வரக் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள்.