மருத்துவ பீடம் இல்லையென்றால் பாசியா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் பார்த்தால், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மருத்துவத்துக்கு எட்டவில்லை என்பதைவிட, மகள் “நுண்பாசியிலிருந்து நிறம் எடுக்கப் படிக்கிறேன்” என்று சொன்னதே உங்களை அதிகம் கலக்கியிருக்கிறது. வெள்ளவத்தை உறவினர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் மருந்தில்லை. படிப்பைப் பற்றிப் பேசுவோம்.

கொழும்பின் பேரே வாவியைப் பச்சையாக்கும் உயிர்களின் உறவினர்கள்தாம் இந்த நுண்பாசிகள். ஸ்பிருலினாவின் நீல நிறமான பைகோசயனினை மிட்டாயில் சேர்க்க அமெரிக்கா 2013இல் அனுமதித்தது. உப்பளத்தில் வாழும் டுனலியெல்லா தன் உலர் எடையில் 10 சதவீதம் அளவுக்குக்கூட செம்மஞ்சள் நிறமான பீட்டா கரோட்டினைச் சேர்க்கும். கடும் வெளிச்சமும் நைதரசன் பஞ்சமும் வாட்டினால் ஹெமட்டோகொக்கஸ் சிவக்கும். அந்தச் சிவப்பான அஸ்டக்சாந்தின் சால்மன் மீன்தீனிக்கும் ஊட்டச்சத்து மாத்திரைக்கும் போகிறது.

மகள் விரும்புவது இவற்றில் நல்ல இனத்தைத் தேடிப் பிரிக்கும் வேலை. புத்தளத்து உப்பளத்தில் ஒரு போத்தல் நீர் அள்ளினால் பல உயிர்கள் கலந்தே வரும். ஒன்றைத் தனியாக்கி, வளர்த்து, கரோட்டினை அசற்றோனிலும் பைகோசயனினை நீர்க்கரைசலிலும் பிரித்து அளக்க வேண்டும். நிறம் கொழித்தும் மெல்ல வளரும் இனத்தால் இலாபமில்லை. வேகமாக வளர்ந்தும் நிறம் குறைந்தால் அதுவும் வீண். நீலத்துக்கோ சூடு ஆகாது. வாரக்கணக்கில் வளர்த்ததைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும் மனம் அவளுக்கு உண்டா? பரீட்சைப் புள்ளி இதைச் சொல்லாது, நீங்கள் சொல்லலாம்.

வேலை என்று கேட்டால், பாசி நிறத்துக்கென்றே ஆள் தேடும் கம்பனிகள் கொழும்பில் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைக் கையாளத் தெரிந்த பட்டதாரிக்கு உணவு, மருந்து, அழகுசாதனத் தரப் பரிசோதனைக் கூடங்களிலும் இடமுண்டு. அதனால் இரசாயனவியலை அவள் கைவிடக் கூடாது. பாசியை நேசித்து இரசாயனத்தை வெறுக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறையை நான் சொல்வதே இல்லை.

மூன்றாம் முறை உயர்தரம் எழுதவைக்கும் யோசனையை விடுங்கள். விண்ணப்பத்தில் உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போடட்டும்; உள்ளே போனபின் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு முயலட்டும். ஆராய்ச்சிதான் வழி என்றால் அதன்பின் முதுமாணியும் வேண்டியிருக்கும். அதற்கிடையில் மட்டக்குளியில் உள்ள நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுக்கு, மாணவர் பயிற்சி கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை அவளே எழுதட்டும், நீங்கள் அல்ல.