ஒரு கிலோ டப்பா என்று ஒன்று கிடையாது

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் ஒட்டிக் காட்டினார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தக் காந்த வித்தையை நம்பாதீர்கள். நிக்கல் 8 சதவீதம் சேர்ந்த 304 வகையிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 வகையிலும் ஒட்டாது. விலை குறைந்தது இரண்டாவதுதான். எந்த வகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: ‘ஒரு கிலோ டப்பா’ என்று சொல்லி விற்றார்கள். ஒரு கிலோ மாவைக் கொட்டினால் பாதிதான் கொள்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம், கூடவே நானும். என் அலமாரியிலும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. டப்பாவுக்கு இருப்பது கொள்ளளவு, அதை லிட்டரில்தான் சொல்ல வேண்டும். கிலோ என்றால் எதில் ஒரு கிலோ? ஒரு லிட்டர் டப்பாவில் தண்ணீர் ஒரு கிலோ பிடிக்கும். சர்க்கரை 800 கிராமுக்குச் சற்று மேலே. மாவை அழுத்தாமல் கொட்டினால் அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். தூள் உப்போ ஒரு கிலோவைத் தாண்டிவிடும். இதில் தனக்கு வசதியான எடையை விற்பவர் எடுத்துக்கொள்கிறார்.

சரி, லிட்டர் போட்டிருந்தால் நிம்மதியா? அதுவும் பெரும்பாலும் விளிம்புவரை நிரப்பிய கணக்கு. மூடி உள்ளே இறங்கி உட்காரும் டப்பாவில் இன்னும் குறையும். பிரஷர் குக்கரின் கதை இதைவிட மோசம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது; நுரைத்துப் பொங்கும் பருப்பு வகை என்றால் பாதிதான். ஆக, 5 லிட்டர் குக்கரில் உங்களுக்குக் கிடைப்பது மூன்றேகால் லிட்டர், சில நாள் இரண்டரை. பெட்டியின் முகப்பில் 5 மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றதெல்லாம் உள்ளே மடித்துவைத்த தாளில், பொடி எழுத்தில். முகப்பிலேயே இரண்டு எண்ணையும் போடுவதற்கு என்ன கேடு? ஒரு கிலோ மாவுக்கு இனி இரண்டு லிட்டர் டப்பா கேளுங்கள்.

கேள்வி: புது பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினால் வெளிப்பக்கம் சுடுகிறது.

பதில்: இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது. வீட்டில் சரிசெய்ய முடியாது. உடனே மாற்றிக் கேளுங்கள். நான் தள்ளிப்போட்டதால் வாரண்டி முடிந்துபோன ஒன்றில் இப்போது பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான்ஸ்டிக் சட்டியைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மூன்றாவது சட்டி இது. எந்த கம்பெனி வாங்கினால் தாங்கும்?

பதில்: எதுவும் தாங்காது. 260 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். காலிச் சட்டி சில நிமிடங்களில் அங்கே போய்விடும். பிறகு வரும் புகை கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும், உங்களுக்கும் நல்லதில்லை. வார்ப்பிரும்பு வாங்குங்கள். அதையும் மறக்காமல் இறக்குங்கள்.

கேள்வி: சுத்தமான செம்பு என்று விளம்பரம் பார்த்து இணையத்தில் பாத்திரம் வாங்கினேன். தேய்த்ததும் உள்ளே வெள்ளை உலோகம் தெரிகிறது, காந்தமும் ஒட்டுகிறது. ‘பார்த்து வாங்கியிருக்க வேண்டும்’ என்கிறார் விற்றவர்.

பதில்: என்ன துணிச்சல்! பெட்டியில் வந்த பாத்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? உங்கள் மேல் தப்பே இல்லை. செம்பில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, அந்த ஒரு சாட்சி போதும். அவர் மாற்றுவதற்குள் விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுங்கள். பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். பதிலுக்கு வேறு பொருள் தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து உண்மையான செம்பே வாங்கினாலும், புளிப்பானதைச் சமைக்க என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. ஐந்து தடவை பயன்படுத்தலாம் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை என்று அர்த்தம்.