களி கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் வீட்டுக்காரருக்கு மூக்குக் குழாயை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. இட்லி இறங்குகிறது. தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. களி தின்றால்தான் தெம்பு வரும் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள சகோதரிக்கு,

களி இப்போது வேண்டாம். கேழ்வரகு நல்லதுதான், உருண்டைதான் ஆபத்து. நம் பக்கம் களியை யார் மெல்கிறார்கள்? குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். கூழும் ஆகாது. அதில் கிடக்கும் நொய்யை வாய் மெல்லும்போதே நீர் தொண்டைக்குள் ஓடிவிடும்.

தண்ணீருக்குப் புரையேறுவதும் அதனால்தான். தலையில் அடிபட்டவருக்கு விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடத் தாமதமாகும். தண்ணீர் அதற்குள் முந்திக்கொள்ளும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. சிலருக்கு இருமலே வராமல் இறங்கும், அதுதான் மோசம். ஆகவே விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) சோதிக்கும்வரை வெறும் தண்ணீர் கொடுக்காதீர்கள். நீர்ச்சத்துக்கு என்ன வழி என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள். போதாவிட்டால் குழாயைத் திரும்பப் போடுவார்கள். அது பின்னடைவு அல்ல.

கெட்டிக் கஞ்சிக்கு அனுமதி கிடைத்தால், கேழ்வரகு மாவைச் சலித்துக் கட்டியில்லாமல் காய்ச்சுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழவேண்டும். ஒழுகினால் நீர்ப்பு, ஒட்டிக்கொண்டால் பிசுக்கு. ஆற ஆற இறுகும் என்பதால் ஊட்டும் சூட்டில் பாருங்கள். அவர் வாயில் வைத்த ஸ்பூனைக் கிண்ணத்தில் திரும்ப விடாதீர்கள். எச்சில் மாவுச்சத்தைக் கரைத்து, பாதிச் சாப்பாட்டிலேயே கஞ்சியை நீர்த்துப்போகச் செய்துவிடும். பலரும் கவனிக்காத இடம் இது.

நிமிர்த்தி உட்காரவைத்து, டிவியை அணைத்து, அரை டீஸ்பூன் கொடுங்கள். தலை பின்னால் சாயக்கூடாது. குரல்வளை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். நடுநடுவே "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் சளி கட்டியதுபோல் கரகரத்தால் அந்த வேளை அவ்வளவுதான். பலமில்லாத பக்கத்துக் கன்னத்தில் மிச்சம் தேங்கும், பாருங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக்கூடாது. பல்லும் துலக்கிவிடுங்கள், வாய்க் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், உட்காரும் பயிற்சிக்கு உதவும். விழுங்கும் சோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். காய்ச்சலோ மூச்சு வாங்கலோ வந்தால் அன்றே கூட்டிப் போங்கள்.