உதிர்ந்த இறகுக்கும் அனுமதி வேண்டும்

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழுவோடு அண்டார்டிகா போகிறீர்கள், அடேலி பெங்குவின்களின் உதிர்ந்த இறகுகளை மட்டும் ஆய்வுக்குப் பொறுக்கி வர அனுமதி தேவையா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் தேவை. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு அண்டார்டிகப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பறவை’ என்றால் உயிரோடு நடமாடுவது மட்டுமல்ல. முட்டை, இறகு, செத்த உடல் எல்லாமே அதில் அடங்கும். விண்ணப்பம் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போக வேண்டும். அவர்கள் அதை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் விடுவார்கள். அதனால் கப்பல் ஏறும் மாதத்தில் எழுத உட்காராதீர்கள். எத்தனை இறகு, எந்த இடத்தில், எதற்காக என்று துல்லியமாக எழுதுங்கள். பெங்குவின் குடியிருப்பு சிறப்புப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், உள்ளே கால் வைக்கவே அனுமதி வேண்டும். அதையும் சேர்த்தே கேளுங்கள்.

அப்புறம், இறகை அமெரிக்காவுக்குள் கொண்டுவர வேளாண் துறையின் அனுமதி வேறு. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்திலேயே பறவைக் காய்ச்சல் உறுதியானது. தயவுசெய்து இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். சரி, முதல் வேலையாகக் குழுத் தலைவரிடம் பேசுங்கள். அவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கவும் கூடும்.